எஸ்தர் மிஸ் காத்திருந்த பன்னிரண்டு நாட்கள்

இயற்பியல் திருப்புதல் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது பள்ளி வாசலில் அம்மா நின்றிருந்தார். அம்மா ஒருநாளும் என்னை அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்ததில்லை. "பரீட்ச நல்லா எழுதினியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "எஸ்தர் மிஸ் போயிட்டாங்கடி. சாமுவேல் போன் பண்ணாரு" என்றார். சிதம்பரத்தில் தம்பி வீட்டில், காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

மறுநாள் பிரேயரில் நாம் எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். கலைந்து வகுப்புக்குப் போகும்போது எனக்கு முன்னால் போன இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கேன்சர் திரும்ப வந்துடுச்சாம்." "அது வந்தா எங்க விடும்?" அது உண்மையில்லை. கேன்சர் திரும்பவில்லை. அதைச் சொல்லத்தான் ஆண்டு மலருக்கு இதை எழுதுகிறேன். உடற்கல்வி ஆசிரியை எஸ்தர் மிஸ்ஸை உங்களுக்கு மைதானத்தில் தெரியும். எனக்கு எங்கள் வீட்டு மாடியில் தெரியும். கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் மாடிப் போர்ஷனில் அவர் பல வருடம் குடியிருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரைவிடப் பல வயது இளைய தம்பி சாமுவேல் மாமாதான் அவருக்கு இருந்த ஒரே உறவு.

பி.டி. பீரியடில் நான் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன் என்பது என் வகுப்புக்குத் தெரியும். மிஸ் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் லைப்ரரி, பொஸ்தகம் ஓடாது. நீதான் ஓடணும்" என்பார். நான் எழுந்து இரண்டு சுற்று ஓடுவதற்குள் மூச்சு வாங்கும். ஐம்பத்தைந்து வயதில் அவர் என் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, மூச்சு வாங்காமல் என்னைக் கிண்டல் செய்வார். கேன்சர் வரும்வரை, உடம்புக்கு ஒன்று என்று அவர் விடுப்பு எடுத்ததாக யாருக்கும் நினைவிருக்காது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்பதே பள்ளியில் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும், ஏனென்றால் பாகற்காய்ச் சாறு எங்கள் வீட்டு மிக்ஸியில்தான் அரைபடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போவார். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் ஒரு கரண்டி கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. மாலையில் மைதானத்தை இருபது சுற்று நடப்பார். நாலாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு, லேபிலிருந்து நேராகப் பேக்கரிக்குப் போய் இரண்டு கிரீம் பன் வாங்கிக்கொண்டு வருவார். ஒன்று எனக்கு. எங்கள் தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் பலரும் செய்வதுதான் இது. என் அப்பாவும் செய்வார். அளவு கூடியிருந்தால் டாக்டர் திட்டுவார் இல்லையா, அதற்காக.

"மிஸ், இது பரீட்சைக்கு மொத நாள் மட்டும் படிக்கிற மாதிரி" என்று ஒருமுறை சொன்னேன்.

"பாஸ் ஆயிடறனா இல்லியா?" என்றார் மிஸ்.

ஆகிவிடுவார். ஒவ்வொரு முறையும் டாக்டர் நல்ல கண்ட்ரோல் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார். நான் சாறு அரைத்துக் கொடுத்தேன், பன்னையும் சாப்பிட்டேன். அதனால் இதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை, மாடிப்படியில் ரத்தத் திட்டுகள் இருந்தன. மேலே போய்ப் பார்த்தால் மிஸ் சாவகாசமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது பாதத்தில் ஒரு கருவேல முள் முழுதாக ஏறியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. நான்தான் பிடுங்கினேன். "வலிக்கலியா மிஸ்?" என்றேன். "பி.டி. டீச்சர் காலுடி, தோல் தடிச்சுப்போச்சு" என்று சிரித்தார். பிறகு மாவட்ட நூலகத்தில் சர்க்கரை நோய் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நரம்பு கெட்டுப்போனால் பாதம் மரத்துப்போகும் என்று அதில் இருந்தது. புண் ஆறத் தாமதமாகும் என்றும் இருந்தது. அவரிடம் சொன்னேன். "நீ டாக்டராவுற வரைக்கும் வாய மூடிக்க" என்றார்.

அந்த வருடம்தான் அவருக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று அவராகவே முடிவு செய்து, ஆறு மாதம் துத்திக் கீரை சாப்பிட்டார். உடம்பு இளைத்தது. எங்கள் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். ஏப்ரலில் அம்மா கட்டாயப்படுத்தி அவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி இருக்கிறது, கேன்சர், ஆனால் வேறெங்கும் பரவவில்லை, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியை இணைத்துவிடலாம் என்று சொன்னார்கள்.

எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறை. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க முடியும். சாமுவேல் மாமாவின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதனால் நான் அவர்கள் வீட்டில் தங்கி, பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்பது என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை சேர்த்தோம். வியாழன் காலை ஆபரேஷன்.

சேர்த்த அன்று ஒரு பயிற்சி டாக்டர் வந்து விவரம் எழுதிக்கொண்டார். சர்க்கரை எத்தனை வருடமாக என்று கேட்டார். "ரெண்டு வருஷமா, லேசா" என்றார் மிஸ். சாமுவேல் மாமா பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவர் அதை நம்பித்தான் தலையாட்டினார். எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோதே மிஸ் இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். மிஸ் என்னைப் பார்த்தார். மைதானத்தில் வரிசை கலைந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அவர்கள் போனதும், மிஸ் தனக்கு வந்த சாப்பாட்டை அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளினார். பக்கத்துக் கட்டிலில் பண்ருட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். முந்திரி உடைப்பவர். அறுபத்திரண்டு வயது. அவருக்கும் குடலில் அதே மாதிரி கட்டி, அதே டாக்டர். "இந்தம்மா துன்றதே இல்ல, நான் ரெண்டு பேரு சோறு துன்றேன். ஆபரேசனுக்குள்ள நான் குண்டாயிடுவேன் போலிருக்கு" என்று அவர் சிரித்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் மிஸ்ஸுக்குச் சர்க்கரை நூற்று இருபத்திரண்டு. நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டு போனார்.

"மிஸ், சொல்லிடலாம் மிஸ்" என்றேன்.

மிஸ் மெதுவாகச் சொன்னார். "எங்கப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன்னு சொன்னாங்க. சர்க்கர ஜாஸ்தியா இருக்கு, எறங்கட்டும்னு திருப்பி அனுப்புனாங்க. எறங்கல. ரெண்டாவது வாட்டியும் அனுப்புனாங்க. மூணாவது வாட்டி நாங்க வண்டி வச்சு அவரக் கூட்டிட்டுப் போவல, எடுத்துட்டுத்தான் போனோம். எனக்கு அப்படி ஆவக் கூடாது. நாளைக்கி வெட்டி எடுத்துரட்டும். அப்புறம் நீ சொல்றதெல்லாம் கேக்குறேன்."

நான் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தில் படித்தது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு அவருடைய அப்பாவும் ஓடினார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் மிஸ்ஸைப் பரிசோதிக்க வந்தார். அவர் ஒரு பெண்மணி. வார்டு வாசலில் அவரை நிறுத்தி, "மேடம், அவுங்களுக்குப் பதினோரு வருஷமா சர்க்கரை இருக்கு. டெஸ்டுக்கு முன்னாடி பட்டினி கெடப்பாங்க. இப்பவும் கெடக்குறாங்க. கால்ல முள்ளு ஏறினாக்கூடத் தெரியல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராக மிஸ்ஸின் கட்டிலுக்குப் போய், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பேனா முனையால் பாதத்தில் தொட்டு, "தொடும்போது சொல்லுங்க" என்றார். கட்டை விரல், குதிகால், நடுப்பாதம் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டார். மிஸ் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். எப்போது தொடப்போகிறார்கள் என்று காத்திருப்பவரைப் போல. கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் "இப்ப" என்றார்.

அன்று மதியம் மிஸ்ஸை முழுச் சாப்பாடு சாப்பிடவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். முந்நூற்று நாற்பத்தாறு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மூன்று நாள் பட்டினியால் அதை ஏமாற்ற முடியாது. அது பத்தரையைத் தாண்டியது. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். இதயத்தை ஸ்கேன் செய்தபோது, எப்போதோ ஒரு மாரடைப்பு வந்து போயிருப்பது தெரிந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே அது வந்துபோகும் என்றார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன் இல்லை என்றார்கள்.

அறுவை சிகிச்சை டாக்டர் எங்களை நிற்கவைத்துச் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "குடல வெட்டித் தைக்கிறது என் வேலை. ஒட்டிக்கிறது அவுங்க உடம்போட வேலை. சர்க்கரை இப்படி ஓடினா தையல் ஒட்டாம கசியலாம், புண்ணு சீழ் பிடிக்கலாம், மயக்கத்துல இதயம் தாங்காமப் போவலாம். மூணு மாசக் கணக்க நான் பத்து நாள்ல மாத்த முடியாது. ஆனா இப்ப ஓடுறத அடக்கலாம். ரத்தம் ஏத்தலாம். இதயத்துக்கு மாத்திரைய சரி பண்ணலாம்."

"அதுக்குள்ள கட்டி அடைச்சுகிட்டா?" என்று மிஸ் கேட்டார்.

"அடைச்சுகிட்டா சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அந்த நிமிஷமே பண்ணித்தான் ஆகணும். வயிறு உப்பினாலோ, வாந்தி வந்தாலோ, காத்து பிரியலன்னாலோ உடனே சொல்லணும்."

டாக்டர் போனதும் மிஸ் என் பக்கம் திரும்பாமல் சாமுவேல் மாமாவிடம் சொன்னார். "இந்தப் பொண்ண பஸ் ஏத்தி விடு. அதோட அம்மா வரட்டும்."

அன்று மாலை அம்மா கடலூரிலிருந்து வந்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலடி. ஆனா சொல்லிட்ட. சொல்லிட்டு ஊருக்கு ஓடுனா நல்லாருக்காது. இங்கயே இரு" என்றார். உள்ளே அம்மா, வெளியே வராந்தா பெஞ்சில் நான் என்று நாட்கள் போயின. மிஸ் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுவந்து வைக்கும் கஞ்சியை மட்டும் மறுக்கவில்லை.

ஒரு நாளைக்கு நான்கு ஊசி. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். உறிஞ்சினால் பந்து மேலே போகும். வார்டில் எல்லோரும் ஒரு பந்தோடு திணற, மிஸ் முதல் நாளே மூன்றையும் தூக்கி நிறுத்தினார். பிறகு மற்ற கட்டில்காரர்களுக்கு அதை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தார். பண்ருட்டி அம்மா, "எனக்கு ஒரு பந்துதான் ஏறுது டீச்சர், பெயில் போட்டுருங்க" என்பார். அவருக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அந்த வியாழக்கிழமையே, மிஸ்ஸுக்குக் குறித்த நேரத்தில் அவரைக் கொண்டுபோனார்கள். எட்டாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் எடத்துல நான் பூந்துட்டேம்மா" என்றார். மிஸ் அவரைச் சிரித்து அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அதை வாசலிலிருந்து பார்த்தேன்.

நர்ஸ்கள் வரும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், காத்து போச்சா?" முதல் இரண்டு நாள் மிஸ் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. ஆயிரம் பிள்ளைகளை விசிலில் அடக்கியவர். மூன்றாம் நாள் முதல், கேட்பதற்கு முன்பே "போச்சு, போச்சு" என்று சொல்லிவிடுவார்.

சேர்த்த ஒன்பதாம் நாள் காலை அவர் அதைச் சொல்லவில்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. பத்து மணிக்குக் குமட்டியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். மாலை ஐந்துக்குள் சரியாகாவிட்டால் அப்படியே தியேட்டருக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். அந்த அவசரத்தில் குடலை இணைக்க முடியாமல் மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கலாம் என்றும், இதயத்துக்கு உறுதி சொல்ல முடியாது என்றும் சாமுவேல் மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படிக் காத்திருந்தே செத்துப்போனவர் அவருக்கும் அப்பாதானே.

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவேளை இவர் செத்துப்போனால் அது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் படித்ததைச் சொல்லி ஒருவரைச் சாகடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் மிகைப்படுத்தவில்லை. அதைத்தான் நினைத்தேன்.

மூன்று மணிக்கு மிஸ் எழுந்தார். ஒரு கையில் மூக்குக் குழாயின் பை, இன்னொரு கை அம்மாவின் தோளில். வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க ஆரம்பித்தார். நர்ஸ் தடுக்கவில்லை. என்னைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி கடந்து போனார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றாவது முறை கழிவறைப் பக்கம் திரும்பினார். அம்மா வெளியே நின்றார். சிறிது நேரம் கழித்து வெளியே வந்து, வராந்தா முழுவதுக்கும் கேட்கும்படி, "சிஸ்டர், போச்சு" என்றார்.

நான் அழுதேன். அம்மா சிரித்தார். மிஸ் என்னைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன் நடந்தது. ஐந்து மணி நேரம். பண்ருட்டி அம்மாவுக்கு மூன்று மணி நேரம்தான் ஆனது. பண்ருட்டி அம்மா மறுநாளே வார்டுக்கு வந்துவிட்டார். மிஸ் இதயத்துக்காக மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. தையல் கசிகிறதோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே தையல் உறுதியாக இருந்தது. வெளிப்புண்ணின் அடிப்பகுதிதான் சீழ் பிடித்திருந்தது. அதைத் திறந்துவிட்டு தினமும் மருந்து வைத்துக் கட்டினார்கள். சேர்த்த இருபத்தாறாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் முழுதாக ஆற ஆகஸ்ட் ஆனது. ஒரே கட்டி, ஒரே டாக்டர், ஒரே வார்டு. ஆனால் இரண்டு உடம்புகள். டாக்டர் சொன்னார்: "காலும் மூச்சும் இவுங்கள முன்னாடி இழுக்குது. சர்க்கரையும் இதயமும் பின்னாடி இழுக்குது."

அந்தக் காய்ச்சல் நாளில்தான் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "லைப்ரரி, வெளிய எதுக்கு ஒக்காந்திருக்க? உள்ள வா. பேப்பர் படி." நான் படித்தேன்.

அந்த வியாழக்கிழமையே வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். "எனக்குத் தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான் தெரியும்." மிஸ்ஸிடம் கேட்டபோது, "அப்பவும் நல்லாத்தான் ஆயிருக்கும்" என்றார். கடைசி வரை அதை மாற்றிச் சொல்லவில்லை. நான் செய்தது சரி என்று அவர் சொன்னதில்லை. அதை எதிர்பார்ப்பதையும் நான் விட்டுவிட்டேன்.

நவம்பரில் அவர் பள்ளிக்குத் திரும்பியதும், மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதியதும் உங்களுக்குத் தெரியும். மறுவருடம் ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு முறை குடலைப் பரிசோதித்தபோதும் சுத்தமாகவே இருந்தது. இதயம் மட்டும் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே வந்தது.

போன செப்டம்பரில் எனக்குப் போன் செய்தார். "சனிக்கெழம லீவுதான? சிதம்பரம் வா. ஹார்ட் டாக்டர்ட்ட போவணும். புதுசா வந்திருக்காரு."

"சாமுவேல் மாமா வரமாட்டாரா மிஸ்?"

"வருவான். நான் என்னா சொன்னாலும் நம்பிடுவான். பொய் சொன்னா கண்டுபிடிக்கிற ஆளு ஒண்ணு பக்கத்துல இருக்கணும்ல."

போனேன். டாக்டரின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. சாமுவேல் மாமா உட்காரப் போனார். மிஸ் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். பிறகு டாக்டர் கேட்கும் முன்பே ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை, மரத்துப்போன பாதம், எப்போது வந்தது என்று தெரியாத மாரடைப்பு, ஆற மாதக்கணக்கான புண், போன வாரம் மாத்திரை போடாமல் விட்ட இரண்டு நாள், காலையில் சாப்பிட்ட மூன்று இட்லி, ஒரு வடை. ஒன்றையும் விடவில்லை.

எஸ்தர் மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது நாற்காலிதான். அன்று அதில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.